காட்சிக்குக் காசு: செயலி விளம்பர வருமானத்தில் எல்லைத் தமிழருக்குக் கிடைப்பது என்ன?

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்துக்கு 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் மசோதாவை நிறைவேற்றி முடித்திருந்தன. விளையாட்டை நடத்துவது மட்டுமல்ல, அதற்கு விளம்பரம் செய்வதும் குற்றம் என்கிறது இந்தச் சட்டம். விளம்பரக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் தன் பெயரைப் பொறித்திருந்த டிரீம்11 கம்பெனி பணப் போட்டிகளை நிறுத்தியதோடு அந்த ஒப்பந்தத்திலிருந்தும் விலகிக்கொண்டது. சட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகள் 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு மாற்றப்பட்டன.

கைபேசி ரம்மியில் சம்பளப் பணத்தைத் தொலைத்தவர்களின் வீட்டார் இந்தச் சட்டத்தை வரவேற்றார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இதனால் வருமானம் குறையக்கூடிய இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவர்கள் சூதாட்டம் நடத்தியவர்கள் அல்ல. நாட்காட்டி, பாட்டுத் தொகுப்பு, பஸ் நேரம், பொது அறிவு வினா விடை என்று சிறு சிறு செயலிகளைத் தனி ஆளாகச் செய்து, இனாமாகக் கொடுத்து, அவற்றுக்குள் தோன்றும் விளம்பரத்தால் நாலு காசு பார்ப்பவர்கள். பணப் போட்டிக் கம்பெனிகள் இந்தியாவில் கைபேசி விளம்பரத்துக்குத் தாராளமாகச் செலவழித்தவை. ஏலத்தில் கை தூக்குபவர்களில் பெரிய கைகள் சில ஒரே வாரத்தில் கீழே இறங்கினால் விலை என்ன ஆகும் என்பதை ஏலக்காய் விற்கும் இடுக்கி ஜில்லாக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை பகுதிகளிலும், பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு வட்டாரங்களிலும் கம்ப்யூட்டர் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இன்று வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லுமளவுக்கு இருக்கிறார்கள். கேரளப் பள்ளிகளில் 2018 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கே சிறு செயலி செய்யக் கற்றுத் தருகிறார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையிலோ கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்திலோ குமாஸ்தா வேலைக்குச் சேருகிறான். இரண்டு மூன்று ஆண்டு கழித்து, “வேலையை விட்டுவிட்டு ஆப் போட்டுச் சம்பாதிக்கிறேன்” என்று தகப்பனாரிடம் வந்து நிற்கிறான். தகப்பனார் என்ன பதில் சொல்வது? சரி என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை. இது எப்படிப்பட்ட வருமானம் என்பது தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

விலை நிர்ணயிப்பது யார்?

புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் நடக்கும் மின்னணு ஏலத்தைப் பார்த்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். அங்கே சரக்கு, ஏலக்காய். இங்கே சரக்கு, கைபேசித் திரையில் ஒரு காலி இடம். ஒருவர் செயலியைத் திறந்ததும், “இன்ன ஊரில், இன்ன மொழியில், இன்ன வகைக் கைபேசியில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், யாருக்கு வேண்டும்?” என்ற சேதி விளம்பர ஏலத்துக்குப் போகிறது. விளம்பரதாரர்களின் சார்பில் கம்ப்யூட்டர்களே விலை கேட்கின்றன. அதிகம் கேட்டவரின் விளம்பரம் திரையில் தோன்றுகிறது. இவ்வளவும் கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். திரையின் அடியில் ஓடும் பட்டை விளம்பரத்துக்கு விலை குறைவு. திரை முழுவதையும் மறைக்கும் விளம்பரத்துக்குக் கூடுதல். ‘இதைப் பார்த்து முடித்தால் இன்னொரு ஆட்டம் இலவசம்’ என்று காட்டும் வீடியோவுக்கு அதற்கும் மேல். ஆயிரம் முறை காட்டினால் எவ்வளவு வந்தது என்பதே இந்தத் தொழிலின் அளவுகோல்.

இந்த ஏலக் கூடத்தில் பெரியது ஆட்மாப். 2006-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவராக இருந்த ஓமர் ஹமூயி தொடங்கிய கம்பெனி அது. மூன்றே ஆண்டில், 2009 நவம்பரில், அதை 75 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் அறிவித்தது. 2010 மே மாதம் கைமாற்றம் முடிந்தது. கைபேசி விளம்பரம் எவ்வளவு பெரிய சந்தை ஆகப் போகிறது என்பதை கூகுள் அப்போதே கணித்துவிட்டது. இந்தியர்கள் தொடங்கிய கம்பெனியும் உண்டு. 2007-ல் எம்கோஜ் என்ற பெயரில் ஆரம்பித்து, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்மோபி இத்துறையில் உலகம் அறிந்த பெயர். ஆனாலும் தனி ஆளாகத் தொடங்குகிறவர் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது ஆட்மாப் வாசலில்தான்.

ஏலக்காய் ஏலத்துக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. ஏலக்காய்க்கு, விவசாயி ஒருவர், ஏலம் நடத்துபவர் வேறொருவர், வாங்கும் வியாபாரி மற்றொருவர். கூடம் திறந்திருக்கும், யார் எந்த விலைக்கு எடுத்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். விளம்பர ஏலத்தில் விற்பவரின் ஏஜெண்டும், ஏலம் நடத்துபவரும், வாங்குபவரின் ஏஜெண்டும் ஒரே கம்பெனியாக இருக்க முடியும். இது சரிதானா என்ற கேள்விக்கு அமெரிக்கக் கோர்ட்டு ஒரு பதில் தந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 17-ந் தேதி வர்ஜினியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, விளம்பர ஏலத்தின் இரண்டு கட்டங்களில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் செலுத்தியது என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி ஐரோப்பியக் கமிஷன் கூகுளுக்கு 295 கோடி யூரோ அபராதம் விதித்தது. இரண்டும் இணையதளப் பக்கங்களின் விளம்பரம் பற்றியவை, கைபேசிச் செயலி விளம்பரம் பற்றி நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் தராசும் எடைக்கல்லும் ஒருவரிடமே இருந்தால் என்ன நடக்கும் என்பது அந்த வழக்குகளில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இந்தியாவில் நாளேடுகளின் இணையப் பதிப்புச் சங்கம் கொடுத்த புகாரின் மீது போட்டிக் கமிஷன் 2022 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. பலம் பொருந்திய பத்திரிகைகளே முறையிடும்போது, லயத்து வீட்டில் உட்கார்ந்து செயலி செய்யும் தனி ஆளின் பேரம் பேசும் சக்தி எவ்வளவு இருக்கும்?

பார்ப்பவன் எங்கே இருக்கிறான்?

கூலிக்கும் இந்த வருமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. கூலி, வேலை செய்த நேரத்துக்கு. இங்கே நேரத்துக்கு மதிப்பில்லை. ஆறு மாதம் கண் விழித்துச் செய்த செயலியை நூறு பேர் பார்த்தால் நூறு பேருக்கு உள்ள காசு. ஒரே ராத்திரியில் செய்ததை லட்சம் பேர் பார்த்தால் லட்சம் பேருக்கு உள்ள காசு.

அதிலும் நூறு பேர் எல்லாம் ஒரே நூறு பேர் அல்ல. சூரியநெல்லியில் உட்கார்ந்து செயலியைப் பார்க்கும் ஒருவருக்கு ஏலத்தில் கிடைக்கும் விலையைப் போலப் பல மடங்கு, அதே செயலியைச் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருந்து பார்ப்பவருக்குக் கிடைக்கும். அவர் வாங்கக்கூடிய பொருளின் விலையைக் கணக்கிட்டே விளம்பரதாரர் ஏலம் கேட்கிறார். செய்தவன் எங்கே இருக்கிறான் என்பது முக்கியமே அல்ல. இது தேயிலைக்கும் பொருந்துவதுதான். பறித்த கையை யாரும் கேட்பதில்லை, குடிப்பவரின் பையைத்தான் பார்க்கிறார்கள்.

மொழியும் ஒரு தடையாக இருந்தது. கூகுளின் விளம்பரச் சேவை தமிழை ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். இந்திக்கு அந்த வாய்ப்பு 2014-லேயே கிடைத்துவிட்டது. அதற்கு முன்பு தமிழில் எழுதி விளம்பரம் போட்டுச் சம்பாதிக்க நினைத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்று தமிழ்ச் செயலிக்குத் தமிழ் விளம்பரம் வருகிறது. ஆனால் விலை சராசரியாக ஆங்கிலத்தை எட்டவில்லை.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. கேரள அரசுப் பணித் தேர்வாணையம் மொழிச் சிறுபான்மையினருக்காகத் தமிழிலும் வினாத்தாள் தருகிறது. அதற்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, கேரள வரலாறும் கேரள நடப்புகளும் தமிழில் அடங்கிய பயிற்சிச் செயலி ஒன்றை ஓர் இளைஞர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2,000 பேர் அதை இறக்கிக்கொள்கிறார்கள். தினமும் திறப்பவர் 200 பேர். ஒருவருக்கு ஐந்து விளம்பரம் வீதம் நாளொன்றுக்கு 1,000 காட்சி. ஆயிரம் காட்சிக்கு 30 ரூபாய் கிடைத்தால், மாதம் 900 ரூபாய். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் ஆட்மாப் பணத்தை அனுப்பும். ஒரு டாலர் 90 ரூபாய் என்று முழுத் தொகையாக வைத்தால் அது 9,000 ரூபாய். ஆக, முதல் பணம் கைக்கு வரப் பத்து மாதம். தேர்வு முடிந்ததும் பாதிப் பேர் செயலியை நீக்கிவிடுவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை வருஷம் ஆனாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று முன்னோர் சொன்னது ஏர் பிடிப்பவனுக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம்.

எல்லைப் பகுதித் தமிழருக்கு மிகவும் தேவையான செயலி இது. இந்தப் பயிற்சியைத் தமிழில் தரும் பெரிய கம்பெனி எதுவும் வரப் போவதில்லை, ஏனென்றால் ஆள் எண்ணிக்கை போதாது. அதே காரணத்தால் விளம்பரமும் இதற்குச் சோறு போடாது. விளம்பரம் தலையை எண்ணும், பையைத் தடவிப் பார்க்கும். தேவையை எண்ணுவதற்கு அதற்குக் கருவி இல்லை. நமது பகுதிக்கு உபயோகமானதையும் செய்து, அதிலேயே விளம்பரத்தால் பிழைக்கவும் முடியும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டும் ஒன்று சேராது.

தபாலில் வரும் ரகசிய எண்

செயலியை பிளே ஸ்டோரில் வைக்க 25 டாலர் ஒருமுறை கட்டினால் போதும். ஆப்பிள் கடையில் ஆண்டுதோறும் 99 டாலர். ஆகவே நம்மவர்கள் பிளே ஸ்டோரையே நாடுகிறார்கள். 2023 நவம்பர் 13-ந் தேதிக்குப் பிறகு தனி நபர் பெயரில் கணக்குத் தொடங்குபவர்கள், செயலியைப் பொதுமக்களுக்கு வெளியிடும் முன் 20 பேரைக் கொண்டு 14 நாள் தொடர்ந்து சோதித்துக் காட்ட வேண்டும் என்று கூகுள் விதி வைத்தது. 2024 டிசம்பரில் அந்த 20 பேர் 12 பேராகக் குறைக்கப்பட்டது. லயத்தில் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பது ஒரு கஷ்டமா? அரை மணி நேர வேலை.

ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரின் நல்லெண்ணமே பின்னால் ஆபத்தாக முடிவதுண்டு. “நம்ம பையன் போட்டது, விளம்பரத்தை அமுக்கினால் அவனுக்குக் காசு வரும்” என்று அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து விளம்பரத்தை அமுக்குவார்கள். உதவி செய்வதாகத்தான் நினைப்பார்கள். விளம்பரதாரரின் கண்ணில் அது மோசடி. சொந்த விளம்பரத்தைத் தானே அமுக்குவதும், பிறரை அமுக்கச் சொல்வதும் ஆட்மாப் விதிப்படி குற்றம். கண்டுபிடித்தால் கணக்கை முடக்கி, சேர்ந்திருக்கும் தொகையையும் நிறுத்தி, விளம்பரதாரருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மறுபரிசீலனைக்கு மனுப் போடலாம். மனுவைப் படிப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாது. செயலியைச் சோதித்துப் பார்க்கும்போது காட்டுவதற்கென்றே காசு சேராத மாதிரி விளம்பரங்களை ஆட்மாப் தருகிறது; அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். வெளியிட்ட பிறகு, உறவினர்களிடம் “விளம்பரத்தைத் தொடாதீர்கள்” என்று வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது முகவரி. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரி மெய்யானதுதானா என்று பார்க்க ஓர் எண்ணைத் தபால் அட்டையில் அனுப்புகிறார்கள். வந்து சேர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைக் கணக்கில் பதிவு செய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். கணிப்பொறியில் கண் இமைக்கும் நேரத்தில் ஏலம் நடத்துகிறவர்கள், ஆளைச் சரிபார்க்க மட்டும் தபால்காரரை நம்பியிருக்கிறார்கள் என்பது வேடிக்கைதான். பட்டணத்தில் இது பெரிய விஷயமல்ல. எஸ்டேட்டில் லயத்து வீட்டுக்கு வரும் தபால் ஆபீசில் தங்கி, மேஸ்திரி கையில் மாறி, பல நாள் கழித்து வருவது பழைய கதை. தகப்பனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அப்போது குடும்பத்தின் முகவரியே மாறிவிடும். ரேஷன் கார்டு தேனியிலும் வேலை மூணாறிலுமாக இருக்கும் குடும்பங்களும் ஏராளம். எந்த முகவரியில் உறுதியாகத் தபால் வருமோ அதையே தொடக்கத்திலேயே கொடுப்பது நல்லது. பான் கார்டு, வங்கிக் கணக்கு, ஆட்மாப் கணக்கு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கத்தால் இதில் சிக்கல் வருகிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் தம் பெயரில் கணக்குத் தொடங்கவும் முடியாது. பள்ளிப் பிள்ளை செய்த செயலி என்றால் பெற்றோர் பெயரில்தான்.

எதிரில் ஆள் இல்லாத தொழில்

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டு ரோட்டில் உட்கார்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரை நாடே கேட்டது. 20 சதவிகிதம் கேட்டார்கள், 8.33 சதவிகிதம் போனஸாகவும் 11.67 சதவிகிதம் கருணைத் தொகையாகவும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். கேட்பதற்கு எதிரில் ஒரு கம்பெனி இருந்தது, நடுவில் பேச மந்திரிகள் இருந்தார்கள். செயலிக்காரனுக்கு விளம்பர விலை பாதியாகக் குறைந்தால் எந்த ரோட்டில் உட்காருவது? எதிரில் யாரும் இல்லை. விலையைக் குறைத்தவர் என்று ஒருவரைச் சுட்டிக் காட்டவும் முடியாது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் கம்பெனி, “உங்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டலாமா?” என்று ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்டாக வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். பார்ப்பவர் யார் என்று தெரியாததால் விளம்பரதாரர் குறைத்துக் கேட்டார். விதி பார்ப்பவருக்கு நல்லது, செய்தவருக்கு நஷ்டம்.

இந்தியாவிலும் அப்படி ஒரு சட்டம் வருகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து அமலுக்கு வரும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் இச்சட்டம் தடுக்கிறது. ‘அ, ஆ’ கற்றுக்கொடுக்கும் செயலி, பாலர் பாட்டுச் செயலி செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குறிவைக்காத பொது விளம்பரத்துக்கு விலை குறைவு. அந்தக் குறைந்த விலையையே வருமானமாக எண்ணித் திட்டமிட வேண்டியிருக்கும்.

ரம்மிச் சட்டத்தைப் பற்றி முதலில் சொன்னோம். முருகன் பாட்டுச் செயலியில் சீட்டுக்கட்டு விளம்பரம் வந்தால் அது செய்தவனின் குற்றம் அல்ல. ஏலத்தில் ஜெயித்தது அது. ஆனாலும் எந்த வகை விளம்பரம் வேண்டாம் என்று தடுத்து வைக்க ஆட்மாப் கணக்கில் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு, ஏனென்றால் தடுக்கத் தடுக்க ஏலத்தில் ஆள் குறையும். உடனடிக் கடன் என்று ஆசை காட்டி மானத்தை வாங்கும் செயலிகளின் விளம்பரத்தையாவது அடைத்து வைப்பது, பக்கத்து வீட்டாரே பார்க்கும் ஒரு செயலியைச் செய்பவருக்குக் கடமை என்றே நாம் கருதுகிறோம்.

ஹனாயிலும் திருச்செங்கோட்டிலும்

பெருந்தொகை சம்பாதித்தவர்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். வியட்நாமில் ஹனாய் நகரை அடுத்த வான் ஃபுக் என்ற பட்டு நெசவுக் கிராமத்திலிருந்து வந்த டோங் நுயென் என்ற இளைஞர், சில நாள் ராத்திரிகளில் உட்கார்ந்து ‘ஃபிளாப்பி பேர்ட்’ என்ற குருவி விளையாட்டைச் செய்தார். 2013 மே மாதம் வெளியிட்டார். பல மாதம் சீண்டுவாரில்லை. 2014 தொடக்கத்தில் உலகமே அதை ஆட ஆரம்பித்தது. அடியில் ஓடிய பட்டை விளம்பரத்தால் நாளொன்றுக்கு 50,000 டாலர் வருவதாக அவரே பேட்டியில் சொன்னார். அந்தப் பரபரப்பைத் தாங்க முடியாமல் 2014 பிப்ரவரியில் விளையாட்டைக் கடையிலிருந்து அவரே எடுத்துவிட்டார். இக்கதையைச் சொல்லித்தான் இந்தத் தொழில் கற்றுத் தருகிறோம் என்று கட்டணம் வாங்குபவர்கள் பிள்ளைகளை இழுக்கிறார்கள். லாட்டரியில் முதல் பரிசு விழுந்தவரின் படத்தைக் கடை முன்னால் மாட்டி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கேரளத்தில் வாழும் நமக்கு அந்தப் படங்கள் பழக்கமானவையே.

நமக்குப் பாடமாகக் கூடியது திருச்செங்கோடு. ரிக் லாரிகளுக்குப் பெயர்போன அந்த ஊரிலிருந்து வெளிவருவதுதான் நித்ரா தமிழ் நாட்காட்டி. சென்னை அல்ல, பெங்களூர் அல்ல. ராகு காலம், முகூர்த்த நாள், விரத நாள், ராசி பலன் என்று தமிழர் வீட்டில் காலண்டர் தாளைக் கிழித்துப் பார்க்கும் பழக்கத்தை அப்படியே கைபேசிக்கு மாற்றினார்கள். அதை ஒருவர் ஒரு தடவை பார்த்துவிட்டு மறப்பதில்லை, தினமும் காலையில் திறக்கிறார். இலங்கையிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கும் தமிழரும் திறக்கிறார். விளம்பர வருமானத்துக்கு வேண்டியது இதுதான்: தினமும் திரும்பி வரும் கண்கள், அதில் ஒரு பகுதி வெளிநாட்டுக் கண்கள். தேர்வுப் பயிற்சிச் செயலிக்கு இல்லாதது இதற்கு இருக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. ராஜஸ்தானில் ஆல்வாரைச் சேர்ந்த இம்ரான் கான் என்ற ஆசிரியர் மாணவர்களுக்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளைச் செய்து இனாமாகக் கொடுத்தார். 2015 நவம்பரில் லண்டன் வெம்பிளியில் பேசிய பிரதமர் அவர் பெயரைக் குறிப்பிட்டார். அவர் ஆசிரியர் சம்பளத்தை விட்டுவிட்டு அதைச் செய்யவில்லை என்பதை நமது கஞ்சிக்கோட்டு இளைஞர் குறித்துக்கொள்ளலாம்.

நேராகப் போய்க் கேட்கலாம்

இந்த ஏட்டின் விலை இதை அச்சடிக்கும் செலவுக்குப் போதாது. விளம்பரம்தான் மீதியைச் சுமக்கிறது. ஆனால் ஒரு நாளேட்டின் விளம்பரத்தை அமெரிக்க ஏலக் கூடம் கொண்டுவருவதில்லை. கோயம்புத்தூர் ஜவுளிக் கடைக்காரரிடமும் கல்லூரிக்காரரிடமும் ஆள் போய்ப் பேசி வாங்கி வருகிறார். செயலிக்காரர் ஏன் அப்படிச் செய்யக் கூடாது?

மூணாறுக்கு வரும் பயணிகளுக்கு பஸ் நேரம், ஜீப் ஸ்டாண்டு, வழி, கடை விவரம் சொல்லும் செயலி என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பையில் பணத்தோடு வருகிறவர்கள். தங்கும் விடுதிக்காரருக்கும் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் சர்க்கரை விற்பவருக்கும் வேண்டியவர்கள் அவர்கள்தான். நாலு விடுதிக்காரர்கள் மாதம் ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்தால், ஏலத்தில் வரும் 900 ரூபாயைப் போல இரண்டு பங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. நூறு டாலர் சேரக் காத்திருக்க வேண்டியதில்லை, தபால் அட்டையும் வேண்டாம். நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது. அந்த ஆண்டு வெள்ளம் வந்து வியாபாரத்தைக் கெடுத்துவிட்டது. அடுத்த பூப்பு 2030-ல். இப்போது தொடங்குகிறவருக்கு அதற்குள் செயலியைப் பழக்கப்படுத்த நாலைந்து வருஷம் கிடைக்கும்.

தேர்வுப் பயிற்சிச் செயலி போன்றவற்றுக்கு வழி வேறு. அதில் விளம்பரமே போடாமல், படிப்பவரிடம் ஒருமுறைக் கட்டணமாக ஐம்பது ரூபாய் கேட்கலாம். முன்பு சொன்ன 2,000 பேரில் பத்தில் ஒருவர் கொடுத்தாலே 10,000 ரூபாய். பிளே ஸ்டோர் வழியாக வாங்கினால், 2021 ஜூலை முதல் உள்ள விதிப்படி, ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை 15 சதவிகிதம் கமிஷன் போகும். பெரிய கம்பெனிகளுக்கே அந்தக் கமிஷன் கசக்கிறது. இந்தத் தகராறில் 2024 மார்ச் 1-ந் தேதி சென்னை பாரத் மேட்ரிமோனியின் செயலிகளே கடையிலிருந்து நீக்கப்பட்டு, சில நாளில் திரும்ப வந்தன. நமது சிறு தொகைக்கு 15 சதவிகிதம் போனாலும் மிச்சம், விளம்பரத்தில் வருவதைவிட அதிகம்தான்.

வருமானம் எவ்வழியில் வந்தாலும் அதை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். ஆட்மாப் பணம் டாலராக வெளிநாட்டிலிருந்து வங்கிக்கு வருவதால் மறைக்கவும் முடியாது. ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டாத வரை ஜி.எஸ்.டி. பதிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றாலும், முதல் பணம் வந்தவுடனே ஒரு கணக்கரைப் பார்த்துவிடுவது நல்லது.

கஞ்சிக்கோட்டு வேலையை விடலாமா என்ற கேள்விக்குக் கணக்கு மூலமே பதில் சொல்லலாம். ஒரு மாதத்து விளம்பர வருமானம் அடுத்த மாதம் 21-ந் தேதிக்குப் பிறகு அனுப்பப்படுகிறது. வேலையில் இருந்துகொண்டே அப்படிப் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து பணம் வரட்டும். மழைக்காலத்திலும், பள்ளி விடுமுறையிலும், பெரிய விளம்பரதாரர் யாராவது விலகிய மாதத்திலும் என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அதில் மிகக் குறைந்த மாதத்தின் தொகையைத் தகப்பனாரிடம் காட்டி, இந்தத் தொகையில் குடும்பம் நடக்குமா என்று கேட்கட்டும்.